இரண்டாவது பொட்டலம்

கருணை மனுக்களை அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பொட்டலம் கட்டும் அரசு வேலை நாச்சியாருக்குக் கிடைத்தது. ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் ஆயுள் தண்டனை, சிவப்பு வந்தால் தூக்கு. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை.

அன்று மாடத்தி, மகன் சுடலையின் உயிருக்காக ஈரப் புடவையோடு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த நாச்சியார் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டினாள்.

மாடத்தி எடுத்த பொட்டலத்தை அதிகாரி பிரித்தார். வெள்ளை.

"எங்காத்தா கண்ணத் தொறந்துட்டா!" மாடத்தி விழுந்து கும்பிட்டாள். எழுந்ததும் மற்ற பொட்டலத்தை எடுத்தாள். "இந்தச் செவப்ப அவ காலடியிலயே போட்டுருதேன். வீட்டுக்குக் கூடவே வந்துரப்படாது."

"அதத் தொடாதீங்கம்மா!" என்று நாச்சியார் சொல்வதற்குள் பிரித்துவிட்டாள்.

அதிலும் வெள்ளை.

"அம்மனையே ஏமாத்தப் பாக்கியா?" என்றார் அதிகாரி. ஒரு வெள்ளையையும் ஒரு சிவப்பையும் நாச்சியார் முன்னால் வைத்தார். "எங்க கண்ணு முன்னால கட்டு. அந்தம்மா மறுபடி எடுக்கட்டும்."

நாச்சியாருக்கு நூலில் முடிச்சு எளிதில் விழவில்லை. கட்டி முடித்ததும் அதிகாரி பொட்டலங்களைக் குலுக்கிப் போட்டார்.

மாடத்தி நாச்சியாரின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"எதுக்குத் தாயி அழுவுத? ஒரு தடவ குடுத்தவ மறு தடவ குடுக்க மாட்டாளாக்கும்?"

சிரித்துக்கொண்டே கண்களை மூடி, கையை நீட்டினாள்.