புதன்கிழமை பத்து மணி

"மூணு தடவை கூப்பிட்டா ஒரு தடவைதான் தலையைக் காட்டுது. நல்ல அம்மாதான் போங்க" என்றார் நர்ஸ். "பிள்ளைக்கு மூணு வயசு. எடை ஏறவே இல்லை. வாராவாரம் வந்து மருந்து வாங்கிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியாச்சு."

"நம்மகிட்டயும் அதே கதைதான்" என்றார் வீட்டுவசதி அதிகாரி. "கூரை ஒழுகுது, சும்மாவே தகடு தர்றோம், வந்து கையெழுத்துப் போடுன்னா அதுக்கும் வர வலிக்குது."

குழந்தைகள் நல அதிகாரி மேடம் பெருமூச்சு விட்டார். "இங்கேயும் அப்படித்தான். போன வாரம் எங்கே போனேன்னு கேட்டா, தலையைக் குனிஞ்சுக்குது. எதையோ மறைக்குது."

நான் மேடத்தின் டைப்பிஸ்ட். கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுக்க உட்கார வைத்திருந்தார்கள். பழங்குடி மக்களுக்கான வேலைகளை எல்லாத் துறையும் கைகோத்துச் செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்காக இரண்டு மாதம் தேதி பார்த்து, இன்றைக்குத்தான் மூவரும் முதல் தடவையாகக் கூடியிருந்தார்கள்.

மலைக் குடியிருப்பில் இருக்கும் அந்த ஓர் அம்மாவுக்கே மூன்று ஃபைல். மூன்றிலும் ஒரே வரி: தாயிடம் ஒத்துழைப்பு இல்லை.

மேஜை நடுவில் நான் நேற்று அடித்த தாள் கிடந்தது. பிள்ளையைக் காப்பகத்தில் சேர்க்கும் உத்தரவு. இன்று பத்து மணிக்கு அந்த அம்மா வந்து பதில் சொன்னால் சரி, இல்லாவிட்டால் கையெழுத்து. என் பெண்ணுக்கும் மூன்று வயதுதான்.

மணி பத்தே முக்கால். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். தபால்காரர். அப்புறம் யாரோ ஒருவர் வழி கேட்டு வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் பார்க்கிறது?" மேடம் பேனாவைத் திறந்தார். "பிள்ளை உயிராச்சும் மிஞ்சட்டும்."

டைப்பிஸ்ட் வாயைத் திறக்கக் கூடாது. ஆனாலும் திறந்தேன்.

"மேடம், குறிப்புல எழுதணும். இன்னிக்கு இங்கே வரச் சொல்லி அந்த அம்மாவுக்கு யார் தகவல் கொடுத்தாங்க?"

"சிஸ்டர்தான். ஆஸ்பத்திரி வண்டி மேலே போகுதே" என்றார் மேடம்.

"நானா? கூரை அளக்கப் போன சார் சொல்லியிருப்பார்னு நினைச்சேன்" என்றார் நர்ஸ்.

"நான் எதுக்குங்க சொல்லணும்? கூட்டம் மேடத்தோடது" என்றார் அவர்.

மேடத்தின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

நர்ஸ் சட்டென்று போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினார். "ஆமா... பிள்ளையோடவா? எப்போதிலேருந்து?"

போனை வைத்தவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஒன்பதரையிலேருந்து என் அறை வாசல்லதான் உட்கார்ந்திருக்காம்."

மேடம் தன் வண்டியை அனுப்பினார். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். ஒல்லியான பெண். இடுப்பில் இருமிக்கொண்டிருந்த பிள்ளை. எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"உள்ளே வாம்மா. இன்னிக்கு ஏன் ஆஸ்பத்திரிக்குப் போனே?" என்றார் மேடம்.

"இந்த வாரம் சிஸ்டரம்மா முறைங்க."

"முறையா?"

அவள் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரி அட்டை, வீட்டுவசதி அட்டை, எங்கள் அலுவலக அட்டை. மூன்றிலும் மூன்று கையெழுத்தில் எழுதியிருந்தது: புதன்கிழமை, காலை பத்து மணி.

"மலையிலேருந்து ஜீப்பு வாரத்துல அன்னிக்கு ஒரு நாள்தானே வருது. அலைய வேண்டாமேன்னு பார்த்துதான் போட்டேன்" என்றார் நர்ஸ் மெதுவாக.

"நானும் அதுக்குத்தாங்க" என்றார் வீட்டுவசதி அதிகாரி. மேடம் தன் அட்டையைத் திருப்பிப் போட்டார்.

"ஒரு இடத்துல உட்கார்ந்தா கூப்பிடவே பதினொன்றரை ஆயிடுதுங்க. பன்னிரண்டுக்கு ஜீப்பைப் பிடிக்கணும். அதான் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கேன்னு முறை வெச்சு வர்றேன். ஒரு புதன் தவறினதில்லைங்க" என்றாள். சொல்லும்போதே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது.

நான் அந்த உத்தரவுத் தாளை மெல்ல இழுத்து என் நோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மேடம் பார்த்தார். பேனாவை மூடினார்.

"இதை எங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா. நான் எத்தனை தடவை கேட்டேன்?" என்றார் மேடம்.

அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள்ல ஒரு வீட்டுக்குப் போனதை இன்னொரு வீட்ல சொல்லக் கூடாதுங்களே. என்னால உங்களுக்குள்ள சண்டை பெருசாகிட்டா பாவம் இல்லீங்களா?"

முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இப்ப மூணு பேரும் ராசி ஆயிட்டீங்கதானே?"