வடக்கே சொன்ன பம்ப்

கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கை இன்னும் எரிகிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

டக். டக். டக்.

முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் பெரியப்பா கையைத் தூக்கினார். காரை நிறுத்தினேன்.

பல்லி சொல்கிறது என்றார்.

அவர் நான் கட்டிக்கொள்ளப்போகிறவளுடைய பெரியப்பா, மாசிலாமணி. முன் சீட்டில், என் பக்கத்தில், மடியில் பஞ்சாங்கத்தோடு. அவள் பின் சீட்டில் கூறைப்புடவையில் தனியாக.

ஒரு பழைய பச்சைக் காரைத் தவிர வேறு எதுவும் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று அவளுடைய அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார். மலைமேல் கோயிலில் பெண் வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் தாலியைத் தட்டில் வைப்பார்கள். எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கையெழுத்து. முகூர்த்தம் பத்தரைக்குள்.

அப்போது மணி ஒன்பது.

பல்லி இல்லை, பம்ப் என்றேன். பெட்ரோலை டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு அனுப்புகிற எலெக்ட்ரிக் பம்ப். எஞ்சினோடு இருந்த பழைய பம்ப் மலை ஏறினால் சூட்டில் மயங்கிவிடுகிறது என்று மெக்கானிக் தாவூத் பாய் முந்தின நாள்தான் இதை மாட்டினார். அது அப்படித்தான் சத்தம் போடும்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. அப்ப பல்லி பம்புக்குள்ள இருக்குது."

தெற்கே பல்லி சொன்னால் போகிற காரியம் முறியும். வடக்கே சொன்னால் கூடிவரும். அவருடைய பஞ்சாங்கத்தில் அப்படி. வளைவுக்கு முன்னால் கார் தெற்கே பார்த்து ஏறியது. பம்ப் இருப்பது பின்னால், டேங்குக்குப் பக்கத்தில். சத்தம் வடக்கிலிருந்து வந்தது. அதுவரை அவர் சிரித்த முகமாகத்தான் இருந்தார். வளைவு திரும்பியதும் கார் வடக்கே பார்த்தது. சத்தம் தெற்கே போய்விட்டது.

பம்பைக் கழற்றி முன்னால் மாட்டு என்றார்.

முடியாது என்றேன்.

அதற்குத் தள்ளத்தான் தெரியும். உறிஞ்சத் தெரியாது. டேங்கை ஒட்டி, டேங்கைவிடத் தாழ்வாக, எஞ்சின் சூடு படாத இடத்தில்தான் அது இருக்க வேண்டும். முன்னால் கொண்டுபோனால் ஏற்றத்தில் பெட்ரோல் வந்து சேராது. தாவூத் பாய் காருக்கு அடியில் அரை நாள் மல்லாந்து கிடந்து சொன்ன வார்த்தை இது. முருகனே வந்து கேட்டாலும் இடம் மாற்றமாட்டேன் என்றேன்.

பெரியப்பா கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார்.

அவள் முன்னால் குனிந்தாள்.

"பல்லிக்கு இஷ்டமில்லன்னா பல்லி கட்டிக்க வேணாம் பெரிப்பா. நான் கட்டிக்கிறேன்."

தாராளமாகக் கட்டிக்கொள், கையெழுத்து மட்டும் வராது என்றார். இன்னொரு காலும் வெளியே போயிற்று.

அவள் அழவில்லை. தலைப்பூவைச் சரிசெய்தாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

பம்ப் நகராது.

அவளும் நகரமாட்டாள்.

மிச்சம் இருந்தது கார்தான்.

பெரியப்பாவை ஒரு நிமிஷம் உட்காரச் சொன்னேன். காரை மெல்லப் பின்னால் உருளவிட்டு வளைவுக்குக் கீழே வந்தேன். மூக்கு மறுபடியும் தெற்கே. அப்படியே திரும்பாமல் வளைவின் ஓரச் சுவர்வரை நேராகப் போய் நின்றேன். ரிவர்ஸ் போட்டேன். அடுத்த ஏற்றத்தில் பின்பக்கமாகவே ஏறினேன்.

டக். டக். டக்.

வடக்கே.

பெரியப்பா கதவைச் சாத்தினார்.

அதற்கு மேலே உள்ள ஏற்றம் தெற்கே போகிறது. நேராக ஏறினேன். அதற்கும் மேலே ரிவர்ஸில். அப்புறம் நேராக. பதினோரு வளைவு. ஒன்றிலும் காரைத் திருப்பவில்லை. அதன் மூக்கு தெற்கை விட்டு அசையவில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. ரிவர்ஸில் ஏறுகிற இடங்களில் பஸ் டிரைவரும் பெரியப்பாவும் முகத்துக்கு முகம் பார்த்தபடி வந்தார்கள். முதலில் முறைத்தார்கள். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி ஊர் விசாரித்தார்கள். எட்டாவது வளைவுக்குள் குலதெய்வம்வரை போய், மாமன் மச்சான் முறை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர், ஏறுகிறாயா இறங்குகிறாயா என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போகிறேன் என்றேன். வழிவிட்டார்.

ரிவர்ஸில் ஏறியபோதெல்லாம் அவள்தான் முன்னால் போனாள்.

கோயில் வாசலுக்கும் அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பத்து மணி இருபது நிமிஷம்.

மண்டபச் சுவரில் நிஜப் பல்லி ஒன்று இருந்தது. பெரியப்பா அதன் எதிரே போய் நின்று வெகுநேரம் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை.

வந்து கையெழுத்துப் போட்டார். என்னை அதுவரை தம்பி என்றவர், பேனாவை மூடித் தரும்போது மாப்ளே என்றார்.

எனக்கு அக்கா தங்கை இல்லை. மூன்று முடிச்சையும் நானே போட்டேன். மூன்றாவது முடிச்சின்போது அவள் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து, நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பொய்ச் சத்தியம் செய்த கை எரியத்தானே செய்யும்.