மூச்சு இழுக்கும் இடம்

ஆன்ட்ரூஸ் இயர்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மற்றதை மனைவி லிஜாவின் காதிலும் வைக்கிறான். அவள் கை முழுக்கச் சாளை மீனின் செதில். இனயம் கடற்கரையின் சாயங்கால வெயில் அடுக்களை வாசல்வரை மஞ்சளாகக் கிடக்கிறது. வருடக்கணக்காக விசைப்படகில் எஞ்சின் பக்கத்திலேயே நிற்பவன் அவன். கரைக்கு வந்ததும் காதைச் சோதிக்க இந்தப் பாட்டைத்தான் போடுவான். அவனுக்குப் பிடித்த ராக் குழு, டிரம்ஸை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒற்றைக் கிட்டாரோடு பாடியது. பாடுகிறவன் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெல்ல மூச்சு இழுப்பான். அதுதான் ஆன்ட்ரூஸுக்கு உயிர். “ஒங்க பாட்டெல்லாம் தகரத்துல கல்லெறிஞ்ச மாதிரில்லா இருக்கும். இது கொள்ளாம்” என்கிறாள் லிஜா. “பேசாம கேளு ஏட்டி.” கிட்டார் கேட்கிறது. கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலி போன தடவையே அவன் காதுக்கு எட்டாமல் போய்விட்டது. இப்போது குரல் வருகிறது, மூச்சு இல்லை. சத்தத்தைக் கூட்டுகிறான். குரல்தான் பெரிதாகிறது. “அவன் மூச்சு இழுக்கது கேக்குதா?” “பக்கத்துல இருந்து பாடுத மாதிரி கேக்குது. ஒங்களுக்கு?” அவன் இயர்போனைக் காதோடு அழுத்துகிறான். லிஜா கண்ணை மூடிக்கொள்கிறாள். அடுத்த வரிக்கு முன்னால் அவளும் மூச்சு இழுக்க, அவளுடைய தோள் தானாக மெல்ல உயர்கிறது. பிறகு குரல் வருகிறது. அதற்கடுத்த வரிக்கும் உயர்கிறது. ஆன்ட்ரூஸ் செல்போனைத் தரையில் வைத்துவிட்டு, அந்தத் தோளைப் பார்த்துப் பாட்டைக் கேட்கிறான்.