முதல் நெருப்பு

"உங்க கை பட்டா உருப்படாதுங்க. எல்லாரும் கிளம்புங்க."

இஞ்சினுக்கு முதன்முதலாக நெருப்பு வைக்கப்போகிற நேரம். மனைவி இப்படிச் சொன்னதும் தையல்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதுவும் விருந்தாளியாக வந்திருந்த அக்காவின் எதிரில்.

வீடு மேட்டின் உச்சியில். கரண்ட் கம்பமோ அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மனு எழுதிப் போட்டு அலுத்துப்போய்த்தான் மனைவியே களத்தில் இறங்கினாள். கல்யாணத்துக்கு முன்பு ஆலையில் பாய்லர் பார்த்தவள். பழைய இரும்பு உருளை பாய்லர் ஆனது. ஓடாத மோட்டார் சைக்கிளின் சிலிண்டர் நீராவி இஞ்சின் ஆனது. பெல்ட் போட்டு ஒரு லாரி டைனமோவை அதோடு இணைத்தாள். மழைக்காலம் பூராவும் தையல்காரரும் கூடவே கிடந்து அரம் பிடித்து ராவியவர்தான்.

"ஒரு ஓரமா நிக்கறேனே. பல்பு எரியறதை நான் பார்க்க வேண்டாமா?"

"பாப்பாவையும் கூட்டிக்கிட்டுக் கடைவீதிக்குப் போய், அவளுக்குச் செருப்பு வாங்கிட்டு மெதுவா வாங்க. நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது."

சொல்லிவிட்டு வேலிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள்.

இறக்கம் முழுக்க அக்கா விடவில்லை.

"உழைக்கறதுக்கு நீ வேணும். பேர் வாங்கறப்ப மட்டும் நீ எதுக்கு? நாலு பேர் வந்து பார்த்தா, எல்லாம் நானே செஞ்சேன்னு சொல்லிக்கலாமில்ல?"

"விடுக்கா."

"எனக்கென்னப்பா. உன்னை இப்படி வாயில்லாப் பூச்சியா வெச்சிருக்காளே, அதான் வயித்தெரிச்சல்."

அந்தப் பேச்சு அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. செருப்புக் கடை வாசலில் நின்றார்.

"பாப்பாவைப் பார்த்துக்கோக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

மூச்சிரைக்க மேடேறி, வேலியைத் தாண்டிக் குதித்தார். கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருடைய தையல் மெஷின் வீட்டை விட்டு வெகு தூரம் தள்ளி, மரத்தடியில் இருந்தது. அதன்மேல் பாப்பாவின் புத்தகப் பை. பாய்லருக்கும் வீட்டுக்கும் நடுவே மார்பளவுக்கு மணல் மூட்டைகள். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், பாய்லரை ஒட்டி, அவள் மட்டும். கையில் நீளக் கம்பி. கண் பாய்லரின் அழுத்த மீட்டரில்.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

"வால்வு தானா திறக்கணுமே, திறக்கலையா?"

"கிட்ட வராதீங்க." அவள் திரும்பவில்லை. கம்பியை அடுப்பில் விட்டுக் கங்குகளை வெளியே வாரி இழுத்தாள். பாய்லர் முனகியது.

சட்டென்று புஸ்ஸென்ற சத்தம். வால்வு திறந்து வெள்ளையாக ஆவி பீறிட்டது. முள் இறங்கத் தொடங்கியது.

அவள் மெல்ல இன்னொரு குழாயைத் திறந்தாள். சக்கரம் தயங்கி, பிறகு சுழன்றது. வாசல் பல்பு மங்கலாகப் பிடித்து, பளிச்சென்று எரிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? எதுக்கு அப்படி விரட்டினே?"

"சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?" கரி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏதாவது ஆயிட்டா, பாப்பாவுக்கு ஒருத்தராவது மிஞ்சணுமே."