பாடித்தான் கேட்க வேண்டும்

“சூசையப்பரே, பேப்பர் இருக்கா?”

மூடிய முன்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இப்படிக் கேட்டான் என் மகன் ரெய்னால்தோ. பாட வேண்டிய இடத்தில் பேசினான்.

உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வெளியே பனியில் மெழுகுவத்தியோடு நின்றது என் மகள் அர்செலியாவின் கோஷ்டி.

“அப்பா மெக்சிகோலேருந்து வந்தப்ப உன்னை மாதிரி ஒருத்தன் கதவுக்குப் பின்னாடி நின்னிருந்தா, நீ எங்கடா பொறந்திருப்ப?”

அவளும் பாடவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலைகளில் ஒன்று எங்கள் வீட்டுக்கு உரியது. சிகாகோ வந்த நாள் முதல் அப்படித்தான். மாதாவும் சூசையப்பரும் தங்க இடம் கேட்டு அலைந்ததைப் பாடி நடிப்போம். வெளியே நிற்பவர்கள் ஓரடி பாடி இடம் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் ஓரடி பாடி மறுக்க வேண்டும். முன்கதவில் மறுப்பு, பின்கதவில் மறுப்பு, மூன்றாவதாகப் பக்கவாட்டுக் கதவில் வரவேற்பும் விருந்தும்.

எங்கள் பாண்யுவேலோஸ் குடும்பத்தில் இந்த முறை தவறியதில்லை. இடம் கேட்டு வந்த எவரும் எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போனதும் இல்லை.

இந்த வருடம் யார் உள்ளே நிற்பது என்பதிலேயே சண்டை.

நகரப் போலீஸ் குடியேற்ற அதிகாரிகளுக்கு உதவக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தளர்த்தலாமா என்று நகர மன்றத்தில் பேச்சு. அர்செலியா அந்தச் சட்டத்துக்காக ஊர்வலம் போகிறவள். மறுக்கும் அடியை விளையாட்டுக்குக்கூடப் பாட மாட்டேன் என்றாள். லாரிக் கம்பெனி வைத்திருக்கும் ரெய்னால்தோ எதிர்க்கட்சி. “அக்கா கண்ணுக்கு நான்தான் எப்பவும் கதவடைக்கிறவன். அந்த வேஷத்தை நானே போட்டுக்கறேன்” என்று உள்ளே வந்து நின்றுகொண்டான்.

போதாக்குறைக்குக் கித்தாரும் வரவில்லை. வருடா வருடம் வாசிப்பவன் அடுத்த வீட்டு எவெலியோ. அவன் மகள் நயேலிதான் இந்த வருட மாதா. என் மனைவி உயிரோடு இருந்தபோது தைத்த நீல முக்காட்டை அவளிடம் கொடுத்திருந்தேன். இருவரையும் காணோம். இரண்டு நாளாக எங்கள் தெருவில் கறுப்புக் கண்ணாடி வண்டிகள் சுற்றுகின்றன. எவெலியோவிடம் இந்த நாட்டில் தங்குவதற்கான காகிதம் இல்லை. ஒரு வேலியைத் தாண்டி வரக்கூட அவன் பயந்திருக்கலாம். வேறு வழியில்லாமல் என் பேத்தி தலையில் ஒரு துண்டைப் போட்டு மாதாவாக்கி அனுப்பினோம்.

“முறையா வரிசையில நின்னு வந்தவங்களை யாரு தடுத்தா? நடுவுல பூந்தவனுக்குத்தான் இந்த ஆட்டம் எல்லாம்.”

“உன் லாரியில மூட்டை ஏத்தறவன் வரிசையில நின்னு வந்தவனாடா?”

“அதை உங்க மேயர்கிட்ட போய்க் கேளு.”

என் வீட்டு வாசலில், தெருவே கேட்கும்படி, நான் பெற்ற பிள்ளைகள். மேஜையில் விருந்துக்கு அவித்து வைத்த தமாலே ஆறிக்கொண்டிருந்தது. துண்டு போட்ட மாதாவுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

அப்போது பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அப்பாடா என்றிருந்தது. வெளியே நிற்பவர்களில் என் மைத்துனி ஒருத்திக்காவது முறை தெரிந்திருக்கிறது. இந்தக் கூத்தை விட்டுவிட்டு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டாவது கதவுக்கு வந்துவிட்டாள்.

சமையலறைக்குப் போனேன். கழுத்துப் பொத்தானைப் போட்டேன். நிமிர்ந்து நின்று, மறுக்கும் அடியை முழுக் குரலில் பாடினேன்.

பதில் பாட்டு வரவில்லை.

யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்கள். முன்னறைக் கூச்சலில் என்னவென்று விளங்கவில்லை. பாடாமல் பேசுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

இவர்களுமா.

“முறையா பாடிக் கேளுங்க” என்றேன். “பேச்சுக்கெல்லாம் இங்க பதில் கிடையாது.”

மறுபடியும் தட்டினார்கள், இந்த முறை உள்ளங்கையால். அடுத்த அடி இன்னும் கடுமையானது. அதையும் பாடினேன், முன்னறை மடையர்களின் காதில் விழும்படி உரக்க. தாழ்ப்பாளைத் தொடவில்லை. இரண்டாவது கதவைத் திறப்பது முறையல்ல.

தட்டல் நின்றது. பின்சந்தில் எங்கோ ஒரு வண்டியின் கதவு சாத்தப்பட்டது.

சற்றுப் பொறுத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு பாட்டுச் சத்தம் வந்தது. ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சம். ஒருவழியாகப் பாடுகிறார்கள். என் மைத்துனியின் கீச்சுக் குரலும் அதில் இருந்தது.

“அப்பா, இப்பதான் பின்கதவுக்கு வர்றோம். ஆரம்பிக்கட்டுமா?” என்றாள் அர்செலியா.

தாழ்ப்பாளை விலக்கினேன். அந்தக் கதவை இந்த மாலையில் நான் திறந்தது அதுவே முதல் தடவை.

படியில் நீல முக்காடு கிடந்தது.

புதுப் பனியில் இரண்டு ஜோடிக் கால்தடம். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. வேலியிலிருந்து படிவரை வந்திருந்தன. படியிலிருந்து பின்சந்துவரை போயிருந்தன.

“பாத்தியா உங்க ஆளுங்க பண்ற வேலையை” என்றாள் அர்செலியா, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற தம்பியிடம்.

“சட்டம் காப்பாத்தும்னு சொல்லி அவனை நம்ப வெச்சது யாரு? நீங்கதானே” என்றான் அவன்.

நான் முக்காட்டை எடுத்துப் பனியை உதறி மடித்தேன்.

போன வாரம் வேலியோரம் நின்று எவெலியோவுக்கு வார்த்தை கொடுத்திருந்தேன். ஆபத்து என்றால் என் வீட்டுக்கு வந்துவிடு; முன்கதவு தெருவைப் பார்த்து இருக்கிறது, பின்கதவுக்கு வா. பேர்கூடச் சொல்ல வேண்டாம், தட்டினாலே போதும் என்று.