பண்டாரியின் கந்தூரி

"எந்திரி நெய்னா. எங்க வம்சத்துப் பெரியவரைப் பண்டாரின்னு எழுதுன கை, இந்தச் சஹன்ல படக் கூடாது."

சதக்கத்துல்லா மரைக்காயர் இப்படிச் சொன்னபோது என் விரல்கள் நெய்ச்சோற்றைத் தொட்டுவிட்டிருந்தன.

அந்தப் பெரியவரின் பெயரால் மரைக்காயர் வீட்டில் கந்தூரி விருந்து. பெரியபட்டினத்து ஆண்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் உண்பதுதான் சஹன். அதிலிருந்து ஒருவனை எழுப்புவதும் ஊரைவிட்டுத் தள்ளுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

என் தாலத்தில் இருந்த மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் ஒருவன் மஹ்மூது. கொழும்புத் தோணியில் நான் பண்டாரியாக, சமையல்காரனாக இருந்தபோது, என் கையால் ஆக்கிய சோற்றை வருடக்கணக்கில் தின்றவன்.

பாஸ்போர்ட், விசா என்று வந்து தோணித் தொழில் படுத்ததும் கரையேறிக் கதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது. பண்டாரிக்கு வந்த வாழ்வைப் பார் என்று சிரித்தார்கள்.

பிறகு ஊரின் சரித்திரத்தைத் தேடினேன். மையவாடியில் கபுறுகளின் தலைமாட்டில் நட்டு, மண் மூடிக் கிடந்த மீசான் கற்களைத் தோண்டித் துடைத்து, எழுத்தெழுத்தாகப் படித்தேன். புத்தகம் வந்ததும் முதல் மாலை போட்டவரே இந்த மரைக்காயர்தான். கந்தூரிக்குள் யாரோ பெரியவரைப் பற்றிய பக்கத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

அரபு நாட்டுச் சீமான் என்று அவர்கள் கொண்டாடிய பெரியவர், மரக்கலத்தில் சோறாக்க வந்தவர். கல்லில் அப்படித்தான் வெட்டியிருந்தது. அதில் என்ன கேவலம்? பசித்தவனுக்கு ஆக்கிப் போட்ட மனுஷர். அவருக்காக ஆக்கிய சோற்றிலிருந்துதான் என்னை எழுப்புகிறார்கள்.

"அந்த வரி பொய்யின்னு சபையில சொல்லு. அப்புறம் உக்காரு."

"அது அங்கனயேதான் இருக்கும்" என்று கையை உதறிவிட்டு எழுந்தேன்.

வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பண்டாரிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வழியில் வந்தவர்கள் இந்த வீட்டார். இளையவர் வழியினரின் கற்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனேன். கடைசியில் என் வாப்பாவின் கல் இருந்தது.

பெரிய வீட்டோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான் என்பார்களே என்று அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன்.

இனியும் எழுத மாட்டேன். இவர்களைச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.