இருபது அடிக்குள்

"பாய், எம் பிள்ளையக் காணல. சுகர் அம்பத்திரெண்டுன்னு காட்டுது. எழுபதுக்குக் கீழ போனா ஆபத்துன்னாங்க."

தாராவியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காசிமின் முன்னால் போனை நீட்டினாள் கிளாரா. விரல்கள் நடுங்கின. டிசம்பர் காலையிலும் முகமெல்லாம் வியர்வை.

காசிம் திரையைப் பார்த்தான். "சுகர் பாக்க கையில ஒட்டுற சென்சார்தானக்கா?"

"ஆமா. திங்கக்கிழமைதான் ஆஸ்பத்திரியில ஒட்டுனாங்க. ஜாக்குலின வீட்டுல காணல."

"பயப்படாதீங்க. சென்சார் சொல்லிக்கிட்டே இருக்கும், போன் கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் அவ்வளவுதான் வேலை. புளூடூத்துல்லா, இருபது முப்பது அடி தாண்டுனா போனுக்குக் கேக்காது. இப்பம் கேக்குது. அப்போ பிள்ள இங்கனதான் எங்கயோ இருக்கா."

"மயங்கிக் கெடந்தா?"

காசிம் பாதி கழற்றிய போனை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வந்தான்.

பக்கத்துத் தையல் கூடத்தில் பார்த்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் டிரம்களுக்குப் பின்னால் பார்த்தார்கள். இல்லை. அடுத்த சந்துக்குள் நுழைந்தார்கள்.

"நாப்பத்தெட்டு, பாய்."

"இன்னுமா சிக்னல் வருது?" காசிம் நின்றான். "கடையில இருந்து எவ்வளவு தூரம் வந்துட்டோம்."

கிளாரா திரும்பிப் பார்த்தாள். தோல் மூட்டை சுமந்த ஆட்கள், பர்தா போட்ட பெண்கள், கைவண்டி. எல்லா முகமும் கலங்கலாகத் தெரிந்தது.

"யாரோ அவளக் கூட்டிக்கிட்டு நம்ம பின்னாலேயே வாரான், பாய்."

அவள் ஓடினாள். சந்து முடிந்து பெரிய சாலை வந்தது. சிக்னல் விடவேயில்லை. நாற்பத்துமூன்று. மகளின் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தாள்; நாக்கு குழறியது. கால்கள் மடங்க, ஒரு கடைப்படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

காலேஜ் பையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்து அவள் வாயருகே கொண்டு போனாள். கிளாரா தட்டிவிட்டாள்.

"நீ யாரும்மா? எனக்கு எதுக்கு? எம் பிள்ளைக்குக் குடு."

"அண்ணே, அம்மாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. சுகர் எறங்குனா அவங்களுக்கு ஆளே தெரியாது. என் போனுக்கும் அலாரம் வந்துச்சு, கிளாஸ்ல இருந்து ஓடி வாரேன்" என்ற ஜாக்குலின், கிளாராவின் நைட்டிக் கையை ஏற்றிவிட்டு, மேல்கையில் ஒட்டியிருந்த சென்சார் வில்லையைக் காசிமுக்குக் காட்டினாள்.